மாமாவின் வயிறும் மருத்துவர்களின் கேள்வியும்

"அந்தக் காலத்துல அல்சருக்கெல்லாம் தேவையில்லாம வயித்தக் கிழிச்சிருக்காங்க தாத்தா. இப்பன்னா ரெண்டு வாரம் மாத்திரை, முடிஞ்சுது."

மாமாவிடம் அவருடைய பேத்தி இப்படிச் சொல்லிவிட்டுப் போய் மாதக்கணக்காகிறது. ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறாள். தாத்தாமேல் உயிரையே வைத்திருப்பவள். இளக்காரமாகச் சொல்லவில்லை, அவர் பட்டதை நினைத்து ஆற்றாமையில்தான் சொன்னாள். மாமா சிரித்துக்கொண்டே சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். எனக்குத்தான் அந்தப் பேச்சு செரிக்கவில்லை. முழுப் பொய்யாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். பாதி உண்மை என்பதால்தான் இத்தனை நாள் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

மாமாவின் வயிற்றில் நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டி ஒரே ஒரு தழும்பு. ஆனால் அந்த ஒரே கோட்டில் இரண்டு முறை திறந்திருக்கிறார்கள், 1979-இல் ஒரு தடவை, 1987-இல் ஒரு தடவை. பேத்தி இரண்டையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப்போட்டுவிட்டாள். என் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் சாலைக்குக் கீழே ஒரு தேயிலை பேக்டரியில் மாமா வேலை பார்த்தார். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம் லாரியில் வந்து இறங்கும். ராத்திரி முழுக்க மேல்மாடியில் வாடும். விடியுமுன் ரோலர் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் பேக்டரிக்காரர்களுக்கு ராத்திரி ஷிப்ட்தான் வாழ்க்கை. வெறும் வயிற்றில் கட்டஞ்சாயா, ஒரு வர்க்கி, ஒரு பீடி. மறுபடி கட்டஞ்சாயா. நெஞ்செரிச்சல் இல்லாத ஆளே அங்கே கிடையாது என்பதால் அதை யாரும் நோயாகவே எண்ணவில்லை. டிஸ்பென்சரிக் கம்பவுண்டர் வெள்ளையாக, சுண்ணாம்பு கரைத்தாற்போல் ஒரு மருந்து ஊற்றிக் கொடுப்பார். அம்மாச்சி மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பால் விட்டுக் கடைந்து போடுவாள். பால் குடித்தால் ஆறும் என்று எல்லாரும் சொன்னார்கள். குடித்தவுடன் ஆறவும் செய்யும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பாலே அமிலத்தைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் என்பது அன்றைக்கு எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது.

வாந்தி ஆரம்பித்ததையும் வெகுநாள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு மலைப்பாதையும் ஒரு காரணம். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார்கள். அதில் மாமாவும் ஒருவர். ஆனால் அவர் வீட்டில் பாயில் படுத்திருக்கும்போதும் வாந்தி எடுத்தார். எடுத்ததில் முந்தைய நாள் ராத்திரி சாப்பிட்ட சோறு பருக்கை பருக்கையாக அப்படியே கிடந்தது. ஒருநாள் அவர் புரண்டு படுத்தபோது வயிற்றுக்குள் 'தளக் தளக்' என்று தண்ணீர் ஆடும் சத்தம் கேட்டதாக அத்தை இன்றைக்கும் சொல்வாள்.

இந்த இடத்தில்தான் பேத்தியோடு எனக்கு முதல் வழக்கு. வருஷக்கணக்காகப் புண் வந்து ஆறி, வந்து ஆறி, இரைப்பை முடிந்து முன்சிறுகுடல் தொடங்கும் வாசலில் தழும்பு இறுகி, அந்த வழியே ஏறக்குறைய அடைத்துவிட்டது. சாப்பிட்டது கீழே இறங்க வழியில்லை. புண்ணுக்கு மாத்திரை உண்டு, இறுகிப்போன தழும்புக்கு மாத்திரை ஏது? இன்றைக்கென்றால் எண்டோஸ்கோப் குழாய் வழியாகப் பலூனை விட்டு விரித்துப் பார்ப்பார்கள், புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் என்ற கிருமிக்கும் மருந்து கொடுப்பார்கள். நிறையப் பேர் கத்தி படாமலே தப்பித்துவிடுவார்கள். 1979-இல் நம் பக்கத்தில் அதற்கெல்லாம் வழியில்லை. எலும்பும் தோலுமாக இருந்த மனிதரைக் கோவைக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். குடலை மேலே இழுத்து இரைப்பையோடு சேர்த்துத் தைத்தார்கள். பத்து நாளில் இட்லி சாப்பிட்டார். அந்த ஆபரேஷன் இல்லையென்றால் பேத்தி இல்லை, அவ்வளவுதான்.

அமிலம் இல்லையேல் புண் இல்லை

நூறு வருஷமாக அறுவை மருத்துவர்கள் இரைப்பையோடு என்ன சண்டை போட்டார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது பேத்தியின் பேச்சுக்கு அப்புறம்தான். 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ராத், புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் இரைப்பையில் ஒரு பகுதியை அறுத்தெடுத்து மீதியைக் குடலோடு தைத்தார். அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனார். நாலு மாதம்போல இருந்தார். அதே வருஷக் கடைசியில் போலந்துக்காரர் லுட்விக் ரிடிகியர், புற்றுக்கு இல்லாமல் புண்ணுக்காகவே இரைப்பையை வெட்டினார். 1910-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் 'அமிலம் இல்லையேல் புண் இல்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் அறுவை மருத்துவர்கள் செய்ததெல்லாம் இந்த ஒரு வரியை நம்பித்தான். அமிலம் சுரக்கும் பாகத்தை எவ்வளவு வெட்டினால் புண் திரும்பாது? முக்கால்வாசி இரைப்பையை எடுத்தவர்களும் உண்டு. புண் திரும்பவில்லை, ஆனால் அந்த மனிதரால் ஒரு பிடி சோறு தின்ன முடியவில்லை.

1943-இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் வேறு வழி எடுத்தார். மூளையிலிருந்து உணவுக்குழாயை ஒட்டி இறங்கி இரைப்பையை முடுக்கிவிடுவது வேகஸ் நரம்பு. இரைப்பையைத் தொடாமல் அந்த நரம்பை மட்டும் அறுத்துவிட்டால்? அமிலம் படுத்தது. கூடவே இரைப்பையும் படுத்தது, ஏனென்றால் உணவைப் பிசைந்து கீழே தள்ளச் சொல்வதும் அதே நரம்புதான். ஆகவே நரம்பை அறுத்தால் வடிகாலும் வெட்டியாக வேண்டும் என்று ஆனது. வாசலை அகலப்படுத்துவது ஒரு வகை. சிறுகுடலின் ஒரு வளைவை மேலே இழுத்து இரைப்பையில் புதுவாசல் வைப்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் மாமாவுக்குச் செய்தார்கள். நம் ஊர் சர்ஜன்கள் வாயில் அது 'டிவி ஜிஜே': டிவி என்றால் நரம்பறுப்பு, ஜிஜே என்றால் புதுவாசல். தென்னிந்தியாவில் அறுவை மருத்துவம் படித்த அந்தத் தலைமுறை டாக்டர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் அந்த ஆபரேஷனைப் படிப்படியாகச் சொல்வார். அவ்வளவு நோயாளிகள்.

ஏன் தெற்கே அவ்வளவு பேர் என்பது தனிக் கதை, அதில் குன்னூருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சிம்ஸ் பார்க்குக்கு எதிரே பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ஒற்றை அறையில், சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றி ஆராய்ச்சி தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், பிறகு இந்தியாவின் பல பகுதி ஜனங்களுடைய சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். சப்பாத்தி, பால், காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தெற்கத்தி ஏழைச் சாப்பாட்டுக்கு வந்த எலிகள் நோஞ்சான்களாகப் போயின. மரவள்ளிக்கிழங்கை நம்பியிருந்த திருவிதாங்கூர்ச் சாப்பாட்டு எலிகளுக்கு வயிற்றில் புண்ணே வந்தது. அந்தத் திருவிதாங்கூரின் நெய்யூரில்தான், 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராக உட்கார்ந்து, குடல்புண்காரர்களுக்கு ஓயாமல் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். குன்னூரில் நடந்த அந்த ஆராய்ச்சி 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகிவிட்டது. மாமா இருந்த லைன் வீட்டுக்கும் அந்த எலிகள் இருந்த கட்டடத்துக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூடக் கிடையாது. இன்றைக்கு எல்லாவற்றுக்கும் கிருமியைக் கைகாட்டிவிடுகிறோம். ஆனால் அந்தக் கிருமி வடக்கேயும் தெற்கேயும் நிறையப் பேர் வயிற்றில் இருந்தும் புண் தெற்கேதான் மிகுதியாக இருந்தது. மெக்காரிசனை முழுசாக ஓரங்கட்ட எனக்கு மனசு வரவில்லை.

வர்க்கியும் டீயும்

முதல் ஆபரேஷனுக்குப் பிறகு மாமா கோவைக்கு மறுபரிசோதனைக்குப் போனது ஒரே ஒரு தடவை. போக வர ஒரு நாள் கூலி போகும், பஸ் சார்ஜ் போகும். வரிசையில் காத்திருந்து உள்ளே போனதும் டாக்டர் நிமிராமலே கேட்ட கேள்வி, "வலி இருக்கா?"

"இல்லைங்க சார்."

"வாந்தி?"

"இல்லைங்க."

சீட்டில் ஏதோ எழுதி, அனுப்பிவிட்டார். மாமா பொய் சொல்லவில்லை, டாக்டரும் தப்பாக எதையும் எழுதியிருக்கமாட்டார். வலி சுத்தமாகப் போயிருந்தது. அதன் இடத்தில் வேறொன்று வந்திருந்தது. அதற்குப் பெயர் தெரியாததால் மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

என்னவென்றால், ஜனவரியில் புல்லில் பனி உறைந்து கிடக்கிற விடிகாலையில் மாமாவுக்கு வேர்த்துக் கொட்டும். பேக்டரியில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயும் வர்க்கியும் சாப்பிட்டுக் கால்மணி நேரம் ஆகியிருக்காது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும், வயிறு கடமுடா என்று உருளும், கண் இருட்டும். எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். சில நாள் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கும், அகோரப் பசி எடுக்கும். பிரஷர் குறைந்துவிட்டது என்றார்கள். அம்மாச்சி மந்திரித்துக் கயிறு கட்டினாள். கம்பவுண்டர் நல்ல எண்ணத்தோடு குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

இரைப்பைக்கு இயற்கையில் ஒரு வாசல்காரன் உண்டு. சாப்பிட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் விடுவான். புதுவாசலில் அப்படி யாரும் கிடையாது. சர்க்கரைப்பாகு மாதிரி எது வந்தாலும் மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுகிறது. அதை நீர்க்கவைக்கக் குடல் ரத்தத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது, சில ஹார்மோன்களையும் கொட்டுகிறது. அதனால்தான் படபடப்பும் வேர்வையும். அடுத்து அந்தச் சர்க்கரை ஒரே மூச்சில் ரத்தத்தில் ஏற, அதைப் பிடிக்க இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடுகிறது. அந்த நடுக்கமும் பசியும் இதனால். 'டம்பிங்' என்று புத்தகத்தில் இருக்கிறது. எல்லாருக்கும் இவ்வளவு கடுமையாக வராது, பலருக்கு நாளாவட்டத்தில் தணிந்தும் விடும். மாமாவுக்குத் தணியவில்லை.

இதெல்லாம் மருத்துவ உலகத்துக்குத் தெரியாத ரகசியமும் இல்லை. இங்கிலாந்தில் யார்க் நகரத்து சர்ஜன் விசிக் என்பவர், இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களைத் தரம் பிரிக்க 1948-இல் ஒரு முறை எழுதிவைத்தார். முதல் தரம், எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டாவது, லேசான தொந்தரவு, பக்குவமாக இருந்தால் சமாளிக்கலாம். நாலாவது, தோல்வி. மூன்றாவது தரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தொந்தரவு இருக்கிறது, ஆனாலும் நோயாளிக்குத் திருப்தி என்றால் ஒரு பிரிவு; திருப்தி இல்லை என்றால் இன்னொரு பிரிவு. ஒரு சர்ஜன் தன் வேலையை எடைபோட நோயாளியின் திருப்தியைக் கேட்டிருக்கிறார். லீட்ஸிலும் யார்க்கிலும் சேர்ந்து கோலிகர் குழுவினர் நரம்பறுப்பையும் இரைப்பை வெட்டையும் ஒப்பிட்டு, ஐந்திலிருந்து எட்டு வருஷம்வரை நோயாளிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டு 1968-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எந்த ஆபரேஷன் நடந்தது என்று தெரியாமலே கேள்வி கேட்கும்படி ஏற்பாடு. நரம்பை அறுத்துப் புதுவாசல் வைத்தவர்களுக்குப் புண் திரும்ப வந்தது கொஞ்சம் அதிகம். வெட்டி எடுத்தவர்களுக்குக் குறைவு. ஆனால் பொதுவாகப் பெரிதாக வெட்டுவதில் ஆபத்து கூடுதல். பாடப்புத்தகங்கள் தருகிற கணக்கும் அதுதான்: நரம்பறுத்து வடிகால் வைத்தால் பத்தில் ஒருவருக்குப் புண் திரும்பும், கூடவே இரைப்பையின் கீழ்ப்பகுதியையும் எடுத்துவிட்டால் நூற்றில் ஒருவர், இருவர்.

மாமா அந்தப் பத்தில் ஒருவர்.

1986 கடைசியில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. புதுவாசல் தைத்த இடத்திலேயே புண். உணவுக்குழாய்க்குப் பின்பக்கமாகப் பின்வேகஸிலிருந்து ஒரு மெல்லிய கிளை பிரிந்து போகும், கத்திக்குத் தப்பிவிடும். அந்த ஒன்று தப்பினாலும் அமிலம் மறுபடி தலைதூக்கும். சர்ஜன்கள் அதற்கு வைத்த பெயரே 'கிரிமினல் நரம்பு'. மாமாவுக்கு அது தப்பியதா தெரியாது. தெரிந்தது வேறு இரண்டு. பீடியை அவர் விடவில்லை. மேடும் பள்ளமும் ஏறி இறங்கி முட்டி போய்விட்டதால், கடையில் வாங்கி நாள் தவறாமல் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். வலி மாத்திரை வயிற்றைத் தின்னும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

1987-இல் இரண்டாவது ஆபரேஷன். மறுபடி அதே கோட்டில் திறந்து, தப்பிய நரம்பைத் தேடி அறுத்து, இரைப்பையின் கீழ்ப்பாதியை எடுத்து, குடலைப் புதிதாக இணைத்தார்கள். பேத்தி சொல்வதில் பாதி உண்மை என்றேனே, அது இங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் புண்காரர்களின் இரைப்பையில் சுருள் சுருளாக ஒரு கிருமியை அதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் கிருமி வளர்க்கும் தட்டுகளை எடுக்க ஆளில்லாமல் கூடுதலாகச் சில நாள் கிடந்ததால்தான் கிருமி வளர்ந்து கண்ணில் பட்டது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கரைத்து, தானே குடித்து, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு காட்டினார். யார் நம்பினார்கள்? அமெரிக்காவில் தேசிய அளவில் நிபுணர்கள் கூடி, 'கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் கொடு' என்று சொல்ல 1994 ஆனது. நோபல் கிடைக்க 2005. லண்டனிலேயே 1987-இல் அநேகமாக யாரும் புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொண்டிருக்கவில்லை. கோவையைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் மாத்திரை அப்போதே கடையில் இருந்தது. அதைக் கொடுத்து, பீடியையும் வலி மாத்திரையையும் நிறுத்தச் சொல்லி, ஆறு மாதம் பொறுத்துப் பார்த்திருக்கலாம். ரத்தக்கசிவு நின்றுதான் இருந்தது. யாரும் அப்படி ஒரு வழியை மாமாவின் முன்னால் வைக்கவில்லை. 'திரும்ப வந்திருச்சு, எடுத்துர வேண்டியதுதான்' என்றார்கள், கைநாட்டு வாங்கினார்கள்.

சர்க்கரை போட்ட டீ ஒன்று

இரண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் மாமா பாதியாகிவிட்டார். வலி இல்லை, ரத்தம் இல்லை, புண் இல்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவர் நிச்சயம் வெற்றிக் கணக்கில்தான் இருப்பார். வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே பயந்தார். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரமாட்டார். வேர்த்து விழுந்து மானம் போகிறது என்று வேலைக்குப் போகும்முன் எதையும் வாயில் வைப்பதில்லை.

நான் கோவையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த சமயம், தெரிந்தவர் சொல்லி வேறொரு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனேன். சர்ஜன் இல்லை, பொது மருத்துவர், வயதான அம்மா. அவர் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு வேர்க்குதுங்க?" என்றார். மாமா என்னைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. "கொஞ்ச நேரத்துல" என்றார். "கொஞ்ச நேரம்னா?" மாமாவிடம் கடிகாரம் கிடையாது. பேக்டரிச் சங்குதான் அவருக்குக் கடிகாரம்.

அந்தம்மா ஆயாவைக் கூப்பிட்டு எதிரே டீக்கடையிலிருந்து சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிவரச் சொன்னார். மாமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, குடிக்கச் சொன்னார். மணிக்கட்டிலிருந்த வாட்ச்சைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் இடையிடையே எழுந்து வந்து நாடி பார்ப்பார், போவார். காதோரம் முதலில் ஈரமானது; அப்புறம் மேலுதட்டில் முத்து முத்தாக. எண்பதுக்குள் இருந்த நாடி நூறைத் தாண்டிவிட்டது. மாமா பெஞ்சிலேயே சாய்ந்தார். "பயப்படாதீங்க, இது நெஞ்சு நோய் இல்ல, பேய் பிசாசும் இல்ல" என்றார் டாக்டரம்மா. "உங்க வயித்துக் கதவ எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். இனிக் கதவு வேலைய நீங்கதான் பார்க்கணும்."

சீட்டில் மருந்து எதுவும் எழுதவில்லை. டீயில் சர்க்கரை வேண்டாம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். மூன்று வேளையை ஆறாகப் பிரிக்க வேண்டும். முட்டை, பருப்பு, கடலை சேர்க்க வேண்டும். பாயசம், கேசரி பக்கம் போகக் கூடாது. சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுத்துவிட வேண்டும். கேட்கச் சின்ன விஷயம். ஆனால் நம் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். சோற்றைக் குழம்பில் மிதக்கவிட்டு, ரசத்தில் நனைத்து, மோர் ஊற்றிக் கரைத்து உறிஞ்சுகிறவர்கள் நாம். வாசலில்லாத வயிற்றுக்கு இதைவிட மோசமான சாப்பாட்டை யோசித்துக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும். பருப்பைக் கெட்டியாகப் போட்டு, நெய் விட்டு, உருட்டி உருட்டித் தரப் பழகினாள் அத்தை. ரசம் சாயங்காலம் தனியாக ஒரு டம்ளர்.

படுப்பதுதான் பெரும்பாடு. ஷிப்டில் இருக்கிற ஆள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அன்றைய கூலி போகும். பேக்டரியை மேற்பார்க்கும் டீ மேக்கரிடம் டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினார் மாமா. அந்த மனிதர் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், பேக்கிங் ரூமில் காலிச் சாக்கு அடுக்கியிருந்த மூலையைக் காட்டினாராம். அங்கே அரை மணி நேரம் படுத்து எழுந்துதான் மாமா ரிட்டயர்மென்ட் வரை ஓட்டினார். ஆபரேஷன் வெற்றியா என்று கேட்டால் நான் அந்தச் சாக்கு மூலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவேன். அந்த இடம் கிடைக்காத எத்தனை பேர் வேலையை விட்டிருப்பார்கள், எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

பில் பின்னால் வந்தது

தொண்ணூறுகளின் கடைசியில் ரத்தசோகை என்று எண்டோஸ்கோபி செய்தபோது மிச்சமிருந்த இரைப்பையிலும் அந்தக் கிருமி இருந்தது. இரண்டு வாரம் மாத்திரை. போய்விட்டது. இதைத்தான் பேத்தி பிடித்துக்கொள்கிறாள், நியாயம்தான். ஆனால் ரத்தசோகை கிருமியோடு போகவில்லை. இரும்புச்சத்தை உறிஞ்சும் முன்சிறுகுடலின் பாதையிலிருந்து உணவைத் திருப்பிவிட்டாயிற்று. அதைக் கரைத்துக் கொடுக்கும் அமிலமும் இல்லை. வைட்டமின் பி12-உம் அப்படித்தான். உணவிலிருந்து அதைப் பிரிக்க அமிலம் வேண்டும், குடல் அதை ஏற்க இரைப்பை சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். கல்லீரலில் சில வருஷங்களுக்கான இருப்பு இருப்பதால் உடனே தெரியாது. அது தீர்ந்தபோது மாமாவுக்குப் பாதம் மரத்துப்போனது. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடந்து வந்தார். குளிரில் மரத்திருக்கும் என்று நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து வருஷம், எட்டு வருஷம் என்று பின்தொடர்ந்த ஆய்வுகள்கூட இதில் பாதியைத்தான் பிடித்திருக்கும். மிச்சம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

பேத்தியிடம் இதையெல்லாம் சொன்னேன். மறுக்கவில்லை. "எங்க வார்டுல இப்ப 'கிருமி போச்சா'ன்னு மட்டும்தான் கேக்கறோம்" என்றாள். அதையும் எல்லாரும் கேட்பதில்லையாம். மாத்திரை முடிந்து நாலு வாரமாவது கழித்து மறுபரிசோதனை செய்ய வேண்டும், வருகிறவர்கள் குறைவு. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிக்கொண்டிருக்கிற காலத்தில் இது சின்ன விஷயமும் இல்லை. மாமாவிடம் கேட்டதற்கு, "மொதோ ஆபரேஷனுக்கு இன்னிக்கும் கைநாட்டு வைப்பேன் கண்ணு. ரெண்டாவதுக்கு வேற டாக்டரக் கேட்டிருப்பேன்" என்றார்.

புண்ணுக்காக இப்போது வயிற்றைத் திறப்பது பெரும்பாலும் ஓட்டை விழுந்தால், எண்டோஸ்கோப்பில் நிற்காத ரத்தக்கசிவு என்றால், அடைப்பு விடாவிட்டால் மட்டுமே. ஆனால் எழுபது, எண்பதுகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நம் மலையிலும் அடிவாரத்திலும் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். இரைப்பையை வெட்டி எடுத்தவர்களுக்கு பதினைந்து, இருபது வருஷத்துக்கு அப்புறம் மிச்ச இரைப்பையில் புற்று வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுவதால், புதிதாகப் பசி குறைந்தாலோ எடை இறங்கினாலோ எண்டோஸ்கோபிக்குத் தாமதிக்க வேண்டாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். இல்லையென்றால் எந்த வருஷம், எந்த ஊர், ஒரு தடவையா இரண்டு தடவையா என்பதையாவது சொல்லுங்கள்; உள்ளே எது எதோடு தைத்திருக்கிறது என்று தெரிந்தால் டாக்டருக்கும் குழாயை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியும்.